லோன் ரேஞ்சரின் தோழனாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸுக்கு அந்த வேடம் என்ன கொடுத்தது?

1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கௌபாய் தொடர்களில், நாயகனுடன் கூடவே வரும் பூர்வகுடித் தோழனாக நடித்தவர்களுக்கு நடிப்புத் தொழிலில் என்ன மிஞ்சியது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரையும் பற்றிப் பொதுவாகச் சொல்வதைவிட, பல ஆண்டுகளாக நான் தேடிப் பார்த்துவரும் ஒரே ஒரு நடிகரை வைத்துப் பதில் சொல்கிறேன். அவர் ‘தி லோன் ரேஞ்சர்’ தொடரில் டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ். எழுதிக் கொடுக்கப்பட்ட வேடத்தைவிட அதை ஏற்ற மனிதர் பல மடங்கு பெரியவராக இருந்தார் என்பதே என் கருத்து.

அந்த வேடம் பிறந்த விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லோன் ரேஞ்சர் 1933இல் டெட்ராய்ட் நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் நாடகமாகத் தொடங்கியது. முகமூடி அணிந்து தனியே திரியும் வீரன் வானொலியில் யாருடன் பேசுவான்? அவனுக்கு ஒரு பேச்சுத் துணை தேவைப்பட்டதால் சில வாரங்களுக்குள் டோன்டோ உருவாக்கப்பட்டான். வானொலியில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார நாடக நடிகர். ஸ்பானிய மொழியில் ‘டோன்டோ’ என்றால் மூடன் என்று பொருள். அதனாலேயே பிற்காலத்தில் ஸ்பானிய மொழிமாற்றத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரை ‘டோரோ’ என்று மாற்றினார்கள். ஆக, சில்வர்ஹீல்ஸ் கைக்கு வந்தது நாயகன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காகவே படைக்கப்பட்ட ஒரு வேடம்.

அவருடைய இயற்பெயர் ஹெரால்ட் ஜே ஸ்மித். 1912ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலப்பகுதியில், மோஹாக் இனத்தில் பிறந்தார். தந்தை முதல் உலகப் போரில் கனடாப் படையில் அதிகாரியாக இருந்து வீரப் பதக்கம் பெற்றவர். மகன் திரைக்கு வருவதற்கு முன்பே விளையாட்டில் பெயர் எடுத்துவிட்டார். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து வீசும் லக்ராஸ் அவருடைய மக்களின் சொந்த விளையாட்டு. அதை உள்ளரங்கில் ஆடும் தொழில்முறை அணிகளில் 1930களில் அவர் ஆடினார். கனடாவின் லக்ராஸ் புகழ் மண்டபத்தில் பிற்காலத்தில் அவர் பெயரும் இடம்பெற்றது. குத்துச்சண்டையிலும் 1938இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் நடு எடைப் பிரிவில் இரண்டாம் இடம் வரை சென்றார். நகைச்சுவை நடிகர் ஜோ இ. பிரவுன் அவரைத் திரைக்கு வருமாறு ஊக்கப்படுத்தினார் என்பார்கள். வந்த பிறகு கிடைத்தது கூட்டத்தில் ஒருவராக நிற்பதும், சண்டைக் காட்சியில் பிறருக்குப் பதிலாக விழுவதும்தான். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்த பின்னர்தான் 1947இல் வெளியான ‘கேப்டன் ஃப்ரம் காஸ்டீல்’ படத்தில் பெயருள்ள ஒரு நல்ல வேடம் அமைந்தது.

1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடர் தொடங்கியது. அதன் முதல் கதையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதுங்கியிருந்து தாக்கிய கொள்ளையரின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு ரேஞ்சர்களில் (டெக்சஸ் மாநிலக் காவல் படையினர்) ஐவர் இறந்துவிட, குற்றுயிராகக் கிடக்கும் ஆறாமவனை டோன்டோ கண்டெடுக்கிறான். சிறு வயதில் தன் உயிரைக் காத்தவன் அவன்தான் என்று அறிந்து, மருந்திட்டுத் தேற்றுகிறான். அவனும் இறந்துவிட்டதாகக் கொள்ளையர் நம்பட்டும் என்பதற்காக ஆறு கல்லறைகள் எழுப்பப்படுகின்றன. ஆறாவது வெறும் குழி. தனித்து எஞ்சிய ரேஞ்சர் நீ என்று சொல்லி, அந்த வீரனுக்கு ‘லோன் ரேஞ்சர்’ என்ற பெயரையே சூட்டுபவன் டோன்டோதான். இதில் சில்வர்ஹீல்ஸ் எதையும் மிகைப்படுத்துவதில்லை. காயம்பட்டவன் அருகே அவர் குனிந்து அமர்ந்திருக்கும் விதத்தில், நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் கண்விழித்திருப்பவரிடம் காணும் பொறுமை இருக்கிறது.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வசனங்களோ கொடுமையானவை. ‘நான் ஊருக்குப் போகிறேன்’ என்பதை, ‘என்னை போ ஊர்’ என்று நாம் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட ஆங்கிலத்தில் அவர் சொல்ல வேண்டியிருந்தது. நேரில் அவர் பேசியது சரளமான, திருத்தமான ஆங்கிலம், கவிதையும் எழுதியவர். எட்டு ஆண்டுகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் தம் மொழியறிவைத் தாமே மறைத்துக்கொள்வது ஒரு நடிகருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை எண்ணாமல் என்னால் அந்தத் தொடரைப் பார்க்க முடிவதில்லை. ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுச் சில எபிசோடுகளைப் பார்த்தேன். வசனம் போனதும் விளையாட்டு வீரரின் உடல்மொழிதான் கண்ணில் பட்டது: ஸ்கௌட் என்ற தம் குதிரையிலிருந்து அவர் இறங்கும் இலகு, தோள் நிமிர்வு, நாயகன் பேசும்போது பார்வையை மெல்லத் திருப்பிக் கேட்கும் கவனம். உளவறிய ஊருக்குள் போவதும், அங்கே அடிபடுவதும் கதைக்குக் கதை டோன்டோவின் தலையெழுத்து. அடிபட்ட பிறகும் அவர் கூனிக் குறுகி நிற்பதில்லை.

மொத்தம் 221 எபிசோடுகள் வந்தன. முகமூடி வீரனாக நடித்த கிளேட்டன் மூர் இடையில் ஒரு பருவத்துக்கு விலகிவிட, ஜான் ஹார்ட் 52 எபிசோடுகளில் அந்த வேடத்தை ஏற்றார்; பிறகு மூரே திரும்பினார். டோன்டோ மட்டும் மாறவே இல்லை. 1955இல் மாரடைப்பு ஏற்பட்டுச் சில எபிசோடுகளில் வர இயலாமல் போனதைத் தவிர, 1957இல் தொடர் முடியும் வரை அவரே இருந்தார்.

சினிமாவில் அவருக்கு நேர்ந்ததை 1950இல் வந்த ‘புரோக்கன் ஏரோ’ தெளிவாகக் காட்டுகிறது. பூர்வகுடிகளை மரியாதையோடு காட்டியதாகப் புகழப்பட்ட அந்தப் படத்தில் அப்பாச்சி என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் கொச்சீஸாக நடித்தவர் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளைக்கார நடிகர். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குத்தான் கிடைத்தது. சமாதானத்தை ஏற்காமல் வெளியேறும் அப்பாச்சிப் போர்வீரன் ஜெரோனிமோவாகச் சில நிமிடங்கள் மட்டும் சில்வர்ஹீல்ஸ் வருகிறார். அந்தச் சில நிமிடங்களின் சீற்றத்தைப் பார்த்தால், தொலைக்காட்சியில் அவர் எவ்வளவை அடக்கி வைத்திருந்தார் என்பது புரியும். ஜெரோனிமோவாக மேலும் இரு படங்களில் நடித்தார்.

தொடர் முடிந்ததும், யார் பார்த்தாலும் டோன்டோவாகவே பார்த்ததால் வாய்ப்புகள் குறைந்தன. வருமானத்துக்காக விற்பனையாளராகவும் வேலை செய்தார். இந்த இடத்தில் மூரையும் இவரையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. மூர் ஆயுள் முழுவதும் அந்த முகமூடியோடு விழாக்களுக்குச் சென்றார். பாத்திரத்தின் உரிமையாளர்கள் 1979இல் நீதிமன்றத் தடை வாங்கியபோது, கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு போராடி, சில ஆண்டுகள் கழித்து முகமூடியை மீட்டார். அது உண்மையான பற்று. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மீட்டு வைத்துக்கொள்ளத்தக்க அடையாளமாக டோன்டோ இருக்கவில்லை. சில்வர்ஹீல்ஸ் வேறு வேலையில் இறங்கினார்: 1960களில் லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில் பூர்வகுடி இளைஞர்களுக்கு நடிப்புக் கற்பிக்கும் ஒரு பட்டறை உருவாகக் காரணமாக இருந்தார். பூர்வகுடி வேடங்களைப் பூர்வகுடி நடிகர்களே ஏற்க வேண்டும் என்று கேட்பதோடு நிற்காமல், ஏற்பதற்கு ஆட்களைத் தயார் செய்ததை அவருடைய தொழில்வாழ்வின் முதன்மையான பகுதியாகவே நான் கருதுகிறேன். 1970களில் குதிரை பூட்டிய இருசக்கர வண்டிப் பந்தயத்திலும் (நம்மூர் ரேக்ளாவை நினைத்துக்கொள்ளுங்கள்) இறங்கி, தாமே வண்டி ஓட்டினார்.

1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. பக்கவாதத்தால் தளர்ந்திருந்த அவர் 1980 மார்ச் 5 அன்று 67 வயதில் காலமானார். அவருடைய அஸ்தி கலிஃபோர்னியாவில் தங்கவில்லை. கிராண்ட் ஆற்றங்கரைக்கு, லக்ராஸ் கோலை முதலில் கையில் எடுத்த ஊருக்கே கொண்டு செல்லப்பட்டது.