‘தி’ எங்கே, ‘எ’ எங்கே?

ஐயா, அலுவலகத்தில் நாள்தோறும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். ‘எ’ எங்கே வரும், ‘தி’ எங்கே வரும் என்று இன்னும் பிடிபடவில்லை. இலக்கணப் புத்தகத்து விதிகள் எழுதும் நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. இரண்டையும் விட்டுவிட்டால்தான் என்ன? எப்படியும் பொருள் புரிந்துவிடுகிறதே?

அன்புள்ள நண்பருக்கு,

எப்போதும் புரிந்துவிடுவதில்லை. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். அந்த ஆண்டுப் போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கில வாசகம் ‘ஃப்ரம் டெரிட்டரீஸ்’, ‘தி’ இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்றது இஸ்ரேல். பிரெஞ்சு வாசகமோ அப்பகுதிகள் அனைத்தையும் குறிப்பதாகப் படிக்க இடம் தந்தது. அரபு நாடுகள் அதைப் பற்றிக்கொண்டன. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. அங்கே ‘தி’ கைதவறி விடுபடவில்லை, தெரிந்தே விடப்பட்டது. நாம் தெரியாமல் விட்டாலும் படிப்பவருக்கு அதே ஐயம்தான் எழும்.

விதிகளை ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, ஒன்றே ஒன்று என்றால் ‘எ’. ‘சென்ட் மீ தி ரிப்போர்ட்’ என்றால் நாம் பேசிய அந்த அறிக்கை. ‘சென்ட் மீ எ ரிப்போர்ட்’ என்றால் அவர் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்துவிடுவார்.

இந்த உணர்வு நமக்குப் புதிதன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கிவிட்டேன்’ என்றால் நீங்களும் நானும் அறிந்த புத்தகம். அந்த ‘ஐ’ உருபை யாரும் நமக்கு விதி சொல்லிக் கற்பிக்கவில்லை. ஆட்களைச் சொல்லும்போது இது பொருந்தாது. ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்றுதானே சொல்கிறோம்? ஆனாலும் பொருட்களைப் பற்றி எழுதும்போது உங்கள் தமிழ்க்காதை நம்பலாம். ஆங்கிலம் பெரும்பாலும் அதே இடத்தில்தான் ‘தி’ கேட்கும்.

‘எ’யா ‘ஆன்’ஆ என்பது ஒலியைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் என்பதற்கு ‘ஆன் அவர்’, ஒரு பல்கலைக்கழகம் என்பதற்கு ‘எ யுனிவர்சிட்டி’. எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும்.

அலுவலக மின்னஞ்சலில் நான் மிகவும் அஞ்சுவது வேறு இரண்டு இடங்களை. ‘வீ ஃபவுண்ட் ஃப்யூ எரர்ஸ்’ என்றால் பிழைகள் அனேகமாக இல்லை, நிம்மதியாக இருங்கள் என்று பொருள். ‘எ ஃப்யூ எரர்ஸ்’ என்றால் சில பிழைகள் இருக்கின்றன, கவனியுங்கள் என்று பொருள். ஒரே ஓர் ‘எ’ விடுபட்டால் எச்சரிக்கை பாராட்டாகிவிடும். மற்றொன்று, ‘தி செக்ரெட்டரி அண்ட் ட்ரெஷரர்’. செயலாளரும் பொருளாளரும் ஒருவரே என்று இதைப் படிக்கலாம். நீங்கள் அழைப்பது இருவரை என்றால் ‘தி செக்ரெட்டரி அண்ட் தி ட்ரெஷரர்’ என்று இரண்டாவது ‘தி’யையும் சேர்த்தே எழுதுங்கள்.