பாட்டும் வீணையும் வீட்டிலேயே பதிவு செய்ய எந்த ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கலாம்?

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது: கர்நாடக சங்கீதம் பாடுகிறீர்கள், வீட்டில் வீணையும் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப், கையில் ஒரு ஷூர் எஸ்எம்58 மைக். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதுமா, 2ஐ2 வாங்க வேண்டுமா, இல்லை யூஎஸ்பி மைக் ஒன்றே போதுமா என்று குழப்பம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆடியோ இண்டர்ஃபேஸ் என்பது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. அதில் மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி, இரண்டு உள்ளதாக வாங்குங்கள். ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறை அல்லது மோட்டு எம்2, இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. யூஎஸ்பி மைக் வேண்டாம். சோலோ மோசமான பெட்டி இல்லை, உங்கள் தேவைக்குக் கொஞ்சம் பற்றாது. ஏன் என்பதுதான் இனி.

கடையிலும் யூடியூபிலும் இந்தப் பெட்டிகளை 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிகிறது என்பதை, காட்டித்தான் விற்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே 24 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி பதிவாகிவிடும். மனிதக் காது கேட்பது 20 வரைதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு சுமார் 8.6 எம்பி. அதையே 192-இல் பதிந்தால் நான்கு மடங்கு, 34 எம்பிக்கு மேல். ஒரு மணி நேரம் ராகம் தானம் பல்லவி பாடினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் லாபம் காதுக்குத் தெரியாது. 24 பிட் மட்டும் கட்டாயம் வேண்டும், இன்று விற்கும் உருப்படியான பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

பார்க்க வேண்டிய எண் வேறு: கெயின். மைக்கில் இருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை அந்தப் பெட்டி எத்தனை டெசிபெல் பெருக்கித் தரும் என்பது. உங்கள் எஸ்எம்58 டைனமிக் மைக், அதாவது வெளி மின்சாரம் இல்லாமலே ஓடும் வகை. 94 டெசிபெல் சத்தம், அதாவது நல்ல உரத்த குரல், அதன் முன்னால் வந்தால் அது கொடுப்பது 2 மில்லிவோல்ட் கூட இல்லை. அதே சத்தத்துக்கு ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 போன்ற சாதாரண கண்டன்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும் வகை) 14 மில்லிவோல்ட் கொடுக்கும், ஏழு மடங்குக்கு மேல். மேடையில் எஸ்எம்58-ஐ உதட்டை ஒட்டிப் பிடிப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. வீட்டில் தரையில் உட்கார்ந்து, மைக்கை ஓர் அடி தள்ளி வைத்து, விளம்ப காலத்தில் ஒரு சஹானாவை மெதுவாக எடுத்தால் நிலைமையே வேறு. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போகும். அப்போது கெயின் திருகை முழுதாக முறுக்க வேண்டி வரும். விலை குறைந்த ப்ரீஆம்ப்களில் அந்தக் கடைசிக் கால் சுற்றில்தான் உஸ்ஸென்ற இரைச்சல் ஏறும். பாட்டு ஓடும்போது அது கேட்காது. இரண்டு சங்கதிகளுக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில், வரி முடிந்து தம்பூரா மட்டும் நிற்கும் இடத்தில் பளிச்சென்று கேட்கும். நம் சங்கீதத்தில் அந்த இடைவெளிகள் நிறைய. ராக் பாட்டுப் பதிபவருக்கு இது பிரச்சினையே இல்லாமல் போகலாம், நமக்குப் பிரச்சினை.

இதை வைத்துப் பாருங்கள். 2019-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டில் கெயின் 56 டெசிபெல். 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் சோலோவுக்கு 57, 2ஐ2-வுக்கு 69. மோட்டு எம்2-வில் 60. டைனமிக் மைக்கில் மெதுவாகப் பாடுகிறவருக்கு 60-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 69 என்பது தாராளம், திருகைப் பாதிக்குச் சற்று மேலே வைத்தே வேலை முடியும்.

இன்னொரு கணக்கு, ஒரே நேரத்தில் எத்தனை ஒலி உள்ளே வர வேண்டும் என்பது. சோலோவிலும் இரண்டு உள்ளீடு உண்டு. ஆனால் மைக் ப்ரீஆம்ப் ஒன்றுதான். மற்றது கிடார், கீபோர்டு போன்றவற்றைச் செருகும் துளை. உங்கள் வீணைக்கு காண்டாக்ட் மைக் (வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் மைக்) மட்டும்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் சோலோ போதும்: குரல் மைக்கில், வீணை அந்தத் துளையில். அப்படிச் செருகும்போது ஒன்று கவனியுங்கள். காண்டாக்ட் மைக்குகள் பெரும்பாலும் பீசோ வகை, அதாவது வாத்தியத்தின் அதிர்வை நேராக மின்சாரமாக்குபவை. அதை லைன் நிலையில் (கீபோர்டு போன்றவற்றுக்கான அமைப்பு) செருகினால் மந்திர ஸ்தாயியின் கனமே போய், தகரத்தைத் தட்டியது போல வரும். சுமார் 60 ஆயிரம் ஓம் மின்தடை உள்ள லைன் துளை பீசோவின் கீழ் ஒலிகளை விழுங்கிவிடுகிறது. 'இன்ஸ்ட்' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தினால் அது 10 லட்சம் ஓமுக்குப் போய்விடும், சாரணித் தந்தியின் உடம்பு திரும்பி வரும். காண்டாக்ட் மைக்கையே குறை சொல்லித் தூக்கிப் போட்ட சிலருக்கு இந்தப் பொத்தானை அழுத்திக் காட்டியிருக்கிறேன்.

ஆனாலும் காண்டாக்ட் மைக் சத்தம் வீணையின் முழுச் சத்தம் இல்லை. கச்சேரியில் சமாளிக்க அது சரி. பதிவுக்கு, குடத்தின் மேல்பலகையைப் பார்த்து, குதிரையில் இருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி ஒரு கண்டன்சர் மைக் வைத்துக் கேளுங்கள். மீட்டிய பிறகு இடது கை இழுக்கும் கமகம் தேய்ந்து மறையும் வரை கேட்கும். ஒரு தடவை அதைக் கேட்டவர் காண்டாக்ட் மைக்குக்கு மட்டும் திரும்பிப் போக மாட்டார். வீணை இயல்பிலேயே மெல்லிய வாத்தியம் என்பதால் இங்கே கண்டன்சர்தான், அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே பெட்டி அனுப்பும் மின்சாரம், வேண்டும். இந்தப் பெட்டிகள் எல்லாம் அதைத் தரும். இன்று இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் நீங்கள் இந்த இடத்துக்கு வருவீர்கள். குரலுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று என இரண்டு ப்ரீஆம்ப் அப்போது தேவைப்படும். சோலோ வாங்கினால் அன்றைக்கே அதை விற்க வேண்டி வரும்.

மிருதங்கமும் சேரும் என்றால் கணக்கு மாறும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. அப்போது பெயரில் '4' இருக்கிறதே என்று மோட்டு எம்4, ஸ்கார்லெட் 4ஐ4 பக்கம் போகாதீர்கள். நான்கு உள்ளீடு உண்டு, மைக் ப்ரீஆம்ப் அவற்றிலும் இரண்டேதான். நான்கு மைக்கும் செருக வேண்டுமென்றால் பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி, ஆடியன்ட் ஈவோ 8 மாதிரி பார்க்க வேண்டும்.

அடுத்து டிரைவர், அதாவது பெட்டியையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருள். மேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், விண்டோஸில் இது முக்கியம். விண்டோஸ் தன் வழக்கமான வழியில் ஒலியைக் கொண்டுபோனால் நீங்கள் பாடியது ஹெட்ஃபோனுக்கு வந்து சேர நேரமாகும். அதைச் சுற்றிக்கொண்டு போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த வழிதான் ஆசியோ. பெட்டியைச் செய்த நிறுவனமே தன் ஆசியோ டிரைவரைத் தர வேண்டும். ஃபோகஸ்ரைட், மோட்டு, ஆடியன்ட், எஸ்எஸ்எல் எல்லோரும் தருகிறார்கள். மிக மலிவான பெட்டிகள் பலவற்றில் இது இருக்காது, 'ஆசியோ ஃபார் ஆல்' என்ற பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அது பல லேப்டாப்களில் ஓடும், சிலவற்றில் நடுவில் டப்டப்பென்று வெட்டும். பெஹ்ரிங்கரிலேயே யூஎம்2, யூஎம்சி22 இந்த வகை; யூஎம்சி202எச்டி-க்கு நிறுவனத்தின் சொந்த டிரைவர் உண்டு. கையில் காசு குறைவு என்றால் அந்த 202-ஐ வாங்குங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

லேட்டன்சி, அதாவது இந்தத் தாமதம், பற்றி ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துணுக்கின் அளவு) 128 வைத்தால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட் அளவு. போக வர, மற்றதெல்லாம் சேர்த்தாலும் 10 மில்லிசெகண்டை ஒட்டி நிற்கும். ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் போக எடுக்கும் நேரம் அது. வாசிப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. பாடுபவருக்குத்தான் தன் குரல் மண்டைக்குள்ளேயும் ஹெட்ஃபோனிலும் இரண்டு முறை கேட்டு ஒரு மாதிரி குழாய்க்குள் பாடுவது போல இருக்கும். அதற்குத்தான் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தான். குரல் கணினிக்குள் போய் வராமல் பெட்டியில் இருந்தே நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். இரண்டு உள்ளீட்டுப் பெட்டியில் அதை ஸ்டீரியோவில் விட்டால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். பெட்டி பழுது என்று கடைக்கு எடுத்துப் போகாதீர்கள், மோனோவுக்கு மாற்றுங்கள், நடுவில் வந்துவிடும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவை கேட்கும்.

ஹெட்ஃபோன் காதை மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையென்றால் உள்ளே ஓடும் தம்பூரா கசிந்து குரல் மைக்கில் ஏறும். பிறகு சுருதியைச் சரிசெய்யவோ தம்பூராவைக் குறைக்கவோ முடியாது.

சரி, 2ஐ2-வா எம்2-வா? 2ஐ2-வில் கெயின் அதிகம், அப்புறம் ஆட்டோ கெயின் உண்டு: பொத்தானை அழுத்தி 10 விநாடி பாடினால் அளவை அதுவே வைத்துக்கொள்ளும். அந்த 10 விநாடியில் மந்திரத்தில் முனகாமல் தாரஸ்தாயியில் உங்கள் உச்ச சஞ்சாரத்தைப் பாடுங்கள். தனியாகப் பாடிக்கொண்டு தானே பதிபவருக்கு இது நிஜமாகவே உதவி. எம்2-வில் முன்பக்கச் சிறு திரையில் அளவு ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும், ஃபாண்டம் பவர் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி, ஹெட்ஃபோனில் வரும் ஒலி துல்லியம், விண்டோஸ் டிரைவர் வேகமானது. குரல் கனமானவர், மைக்கை நெருங்கிப் பாடுபவர் என்றால் நான் எம்2 பக்கம். மெல்லிய குரல், அதே எஸ்எம்58-ஐத்தான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 2ஐ2. இரண்டிலும் லூப்பேக் உண்டு. ஜூமில் வகுப்பு எடுத்தால் லேப்டாப்பில் ஓடும் தம்பூராவையும் உங்கள் குரலையும் சேர்த்து அனுப்ப அது வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தம்பூராவை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

எஸ்எஸ்எல் 2, ஆடியன்ட் ஐடி14 இரண்டும் இதே தரத்தில் நல்ல பெட்டிகள், தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆடியன்ட் ஐடி4 சோலோவைப் போல ஒரே ப்ரீஆம்ப். யூனிவர்சல் ஆடியோ வோல்ட்டில் இருக்கும் 'விண்டேஜ்' பொத்தான் கிடாருக்கும் ஆங்கிலப் பாட்டுக்கும் அழகு. கர்நாடகக் குரலுக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

யூஎஸ்பி மைக் ஏன் வேண்டாம் என்றேன்? பேச்சுக்கு, பாட்காஸ்ட்டுக்கு அது நல்ல பொருள். ஆனால் அதில் வீணையைச் செருக முடியாது, இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒன்றாக ஓட்டுவதும் விண்டோஸில் பாடு. நாளைக்கு மைக்கை மாற்ற நினைத்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

பெட்டி வந்த பிறகு ஒரு ரீங்காரம் கேட்டால் பெட்டியைத் திட்டுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரண்டு பின் சார்ஜர், எர்த் சரியில்லாத வீட்டு வயரிங், இந்தக் கூட்டணிதான் பாதி இரைச்சலுக்குக் காரணம். பேட்டரியில் ஓடும்போது நின்றுவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காண்டாக்ட் மைக்கில் மட்டும் கரகரப்பு என்றால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள்; மலிவான இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போதும் இதே கரகரப்பு வரும். ஃபேன் காற்றுச் சத்தத்தை எந்த விலைப் பெட்டியும் நீக்காது. ஃபேனை நிறுத்தித்தான் பதிய வேண்டும், சித்திரை வெயிலானாலும். யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், இரண்டு கண்டன்சருக்கும் ஃபாண்டம் பவர் போகும்போது ஹப் தள்ளாடும்.

பழையது வாங்கினாலும் தவறில்லை, இந்தப் பெட்டிகள் எளிதில் கெடுவதில்லை. நேரில் போய், உங்கள் லேப்டாப்பையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு பாருங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு இரண்டு கெயின் திருகையும் மெதுவாகக் கடைசி வரை திருப்புங்கள், கரகரவென்று வந்தால் வேண்டாம். கண்டன்சர் மைக் ஒன்றைக் கடன் வாங்கிப் போய் இரண்டு துளையிலும் ஃபாண்டம் பவர் வருகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி வயரைச் செருகியபின் லேசாக ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டுப்போனால் அந்தத் துளை தளர்ந்திருக்கிறது. ஃபோகஸ்ரைட் என்றால் பழைய சொந்தக்காரர் தன் கணக்கில் இருந்து அந்தப் பெட்டியை விடுவித்துத் தந்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.