பசுமூக்குத் திருக்கைகள்: கேள்வி பதில்

கேள்வி: இன்று உயிரோடு எத்தனை இனங்கள் உள்ளன?

பதில்: பெரும்பாலோர் ஏற்பது எட்டு. எல்லாமே ரைனோப்டெரா பேரினம். மேற்கு அட்லாண்டிக்கில் பொனாசஸ், பிரேசிலியென்சிஸ், கிழக்கு அட்லாண்டிக்கில் மார்ஜினாட்டா, பெலி, கிழக்குப் பசிபிக்கில் ஸ்டைன்டாக்னெரி, இந்தோ-பசிபிக்கில் ஜவானிகா, ஜெயகரி, ஆஸ்திரேலியாவில் நெக்லெக்டா.

கேள்வி: பல்வரிசையை எண்ணினாலே பொனாசஸா பிரேசிலியென்சிஸா என்று சொல்லிவிடலாமாமே?

பதில்: அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். 7 வரிசை என்றால் பொனாசஸ், 9 அல்லது அதற்கு மேல் என்றால் பிரேசிலியென்சிஸ் என்பது பழைய வழக்கம். இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று கலந்தே வருகிறது. மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் பிரேசிலியென்சிஸ் இருப்பது டிஎன்ஏ மூலம்தான் உறுதியானது. துடுப்பில் சிறு துண்டு வெட்டி 95% எத்தனாலில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும்.

கேள்வி: தட்டையான கறுப்புப் பல் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. எந்தத் திருக்கை?

பதில்: முதலில் வேர்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சீப்புப் பல் போல வரிப்பள்ளங்கள் இருந்தால் பசுமூக்குத் திருக்கையும் அதன் உறவினங்களும் அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கழுகுத் திருக்கைக்கும் அதே வேர், ஆகவே அடுத்து அகலம். கழுகுத் திருக்கைப் பேரினமான மைலியோபாட்டிஸில் நடுப்பல் மட்டும் மிக அகலம், பக்கப்பற்கள் குட்டி அறுகோணங்கள். இன்னொரு கழுகுத் திருக்கைப் பேரினமான ஏட்டோபாட்டஸில் ஒரே வரிசை, பக்கப்பல்லே கிடையாது. ரைனோப்டெராவிலோ நடுவிலிருந்து ஓரம் நோக்கி அகலம் படிப்படியாகக் குறையும். தனிப் பக்கப்பல் என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. தேய்ந்த பல்லில் உயரத்தை அளப்பதும் வீண்: முன்வரிசைப் பற்கள் சிப்பியை நொறுக்கி நொறுக்கி மெலிந்துவிடும், புதியவை பின்னாலிருந்து நகர்ந்து வரும். சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வினிகர் ஊற்றினால் மேற்பரப்பே அரிபட்டுப் போகும்.

கேள்வி: அழிந்துபோன இனங்கள்?

பதில்: டைனோசர்கள் அழிந்தபின் வந்த பேலியோசீன் காலத்திலிருந்தே இப்பேரினத்தின் பற்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஸ்டூடெரி என்ற அழிந்த இனத்துக்குப் பெயரிட்டவர் இயற்கையியலாளர் லூயி அகாசிஸ், 1843-இல். உடல் குருத்தெலும்பு என்பதால் மட்கிவிடுகிறது, மிஞ்சுவது பற்களே. உயிருள்ள இனங்களையே பல்லால் பிரிக்க முடியாதபோது, பல்லை மட்டும் வைத்துச் சூட்டிய இந்தப் பெயர்களில் எத்தனை நிலைக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. தனிப்பல்லை விட, பற்கள் கோத்தபடியே இருக்கும் தட்டுக்குத்தான் மதிப்பு. அதைப் பிரித்தெடுக்காதீர்கள்.

கேள்வி: சிப்பி வளம் குன்றியது இவற்றால்தானா?

பதில்: சுறா குறைந்தது, திருக்கை பெருகியது, ஸ்காலப் என்ற சிப்பி வகை சரிந்தது என்று 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016-இல் வந்த மறுஆய்வில் அந்தக் காலவரிசையே பொருந்தவில்லை. அதற்குள் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இவற்றை வேட்டைப் போட்டி வைத்தே கொன்றார்கள்; அங்குள்ள மேரிலாந்து மாநிலம் 2017-இல் அதைத் தடுத்தது. பொனாசஸ் ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். இப்படிப்பட்ட இனத்தைக் கூட்டமாகக் கொன்றால் ஈடுகட்ட பல ஆண்டுகள் ஆகும்.