ராக் பேண்டுக்குத் தீவிர ரசிகனாக இருப்பது ஆரோக்கியமானதா?

கேள்வி: என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் வீடு. எந்நேரமும் காதில் மெட்டாலிகாதான். சுவர் முழுக்கப் படம், டிஷர்ட் எல்லாம் மண்டை ஓடு. "இது பேய்ப் பாட்டு, பையன் கெட்டுப்போயிருவான்" என்று அம்மா பயப்படுகிறார். ஒரு ராக் பேண்டின் மேல் இவ்வளவு பைத்தியமாக இருப்பது ஆரோக்கியமானதா?

பதில்:

அம்மாவின் பயம் புதுசு இல்லை. 1982-ல் அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்து ராக் பேண்டின் மூன்றாவது ஆல்பம் வந்தபோது அமெரிக்காவில் சில மதக் குழுக்கள் அவர்களுடைய இசைத்தட்டுகளைக் குவித்துப்போட்டு எரித்தார்கள். சாத்தான் பாட்டாம். அந்த அயர்ன் மெய்டனுக்கு நான் கல்லூரிக் காலத்திலிருந்து ரசிகன். இப்போது நாற்பதைத் தாண்டி, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, மகளை டியூஷனில் கொண்டுபோய் விட்டுக்கொண்டு, ஊரில் எல்லாரையும்போலத்தான் இருக்கிறேன். ஆகவே என் பதில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடைத் திருவிழா சீசன் வந்துவிட்டால் அவரோடு நானும் கிளம்பிவிடுவேன். வேப்பமரத்தில் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, ராத்திரி முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் என் வேலை. அப்படி உட்கார்ந்து பார்த்த ஒரு விஷயம்தான் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில். சுடலை கோயில் கொடையில் நடுச்சாமத்தில் மகுடம் என்கிற தோல்கருவி முழங்கும். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம். வேகம் ஏற ஏற, சாமியாடிக்கு அருள் வந்து, பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகாட்டுக்கு வேட்டைக்கு ஓடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் உள்ளுக்குள் நடுங்கும். கொடை முடிந்து இரண்டொரு நாளில் அதே மனிதர் தன் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து, "என்ன மக்கா, துவரம்பருப்பு கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்று கேட்பார். கொடைக்குக் கால்நாட்டும் உண்டு, காப்புக் கட்டும் உண்டு, காப்பு அவிழ்க்கும் நாளும் உண்டு. எவ்வளவு உக்கிரமாக ஆடினார் என்று ஊரில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். காப்பு அவிழ்த்த பிறகும் ஒருவர் இறங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால்தான் வீட்டுப் பெண்கள் முகம் மாறும்.

உங்கள் தம்பியையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு ஏறுகிறது என்பதை விடுங்கள், இறங்குகிறதா என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு இயர்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருப்பவன் காலையில் எழுந்து குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போகிறானா? அத்தை வந்தால் இரண்டு வார்த்தை பேசுகிறானா? தெருவில் கிரிக்கெட் ஆடக் கூப்பிட்டால் போகிறானா? ஆம் என்றால் சுவரில் எத்தனை மண்டை ஓடு ஒட்டியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், ரிக்கார்டு செய்த இசைக்குக் காப்பு அவிழ்ப்பு கிடையாது. நாங்கள் கேசட் கேட்ட காலத்தில் பக்கம் முடிந்தால் டக்கென்று நிற்கும். திருப்பிப் போட எழுந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் அம்மா கடைக்கு அனுப்பிவிடுவார். இப்போது யூடியூப் ஒன்று முடிவதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறது. பாட்டு, பேட்டி, பழைய கச்சேரி, யாரோ ஒருவர் அந்தப் பாட்டை முதல் தடவை கேட்டு அழுகிற வீடியோ என்று விடிய விடிய ஓடும். உங்கள் தம்பியின் பிரச்சினை, அப்படி ஒன்று இருந்தால், மெட்டாலிகாவைவிட அந்த ஃபோனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே ஃபோனில் அவன் பப்ஜி ஆடினாலும் தூக்கம் கெடத்தான் செய்யும்.

சரி, பேய்ப் பாட்டு விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு கத்துகிற பாட்டைக் கேட்டால் பையனுக்குக் கோபம் கூடாதா என்று அம்மாக்கள் கேட்பது நியாயம்தான். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மெட்டல் என்று சொல்கிற இந்த முரட்டு ராக் இசையை வழக்கமாகக் கேட்கிற 39 பேரைக் கூட்டிவந்து, அவர்களுக்கு எரிச்சல் உண்டாக்கிய சம்பவங்களைப் பேசவைத்து முதலில் கோபப்படுத்தினார்கள். பிறகு பாதிப் பேரைத் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கவிட்டார்கள், மீதிப் பேரைச் சும்மா உட்காரவைத்தார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் கூடவில்லை. சும்மா இருந்தவர்களைப் போலவே தணிந்தார்கள், கூடவே மனசில் ஒரு தெம்பும் வந்ததாகச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் மெட்டல் கேட்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு வந்தது. 1980-களில் ஹெவி மெட்டல் வெறியர்களாக இருந்தவர்களை நடுவயதில் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். வாலிபத்தில் போதை, முரட்டுத்தனம் எல்லாம் அவர்களிடம் அதிகமாகத்தான் இருந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இளமையில் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள், இப்போதும் தங்கள் வயதுக்காரர்களைவிட ஒழுங்காகவே வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாமல் நின்றவர்களுக்கு அந்த ரசிகர் கூட்டம் ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது.

நம் ஊரில் பாதிக் குறை இங்கேதான். சினிமா நடிகருக்கு ரசிகனாக இருந்தால் தெருவுக்குத் தெரு மன்றம் உண்டு. படம் வெளியாகும் நாளில் ஜங்ஷன் பக்கம் பாலாபிஷேகம், மேளம், கட்-அவுட். நல்லதோ கெட்டதோ, பக்கத்தில் நாலு பேர் தோளோடு தோள் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் ராத்திரி ரத்தம் கொடுக்கவும் வருவான். பாளையில் மெட்டாலிகாவுக்கு மன்றம் எங்கே இருக்கிறது? ஒரு பள்ளிக்கு இரண்டு பேர் தேறினால் பெரிசு. மிச்சக் கூட்டமெல்லாம் ஃபோனுக்குள் இருக்கிறது. ராக் ரசிகன் என்றதும் கூட்டத்தில் முட்டி மோதுவதுதான் ஆபத்து என்று பத்திரிகையில் எழுதுவார்கள். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த ஆபத்து தனிமைதான்.

தனிமையோடு கூடவே வருவது ஒரு மேட்டிமை. "நாங்க மட்டும்தான் பாட்டு கேக்கோம், நீங்க கேக்கறதெல்லாம் பாட்டா?" என்கிற பேச்சு. எங்கள் நண்பர் செட்டில் ஒருவன் இருந்தான். அக்கா கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிக்கும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றான். தாய்மாமன் வந்து, "ஏல, உள்ள வாரியா, இல்ல செவுட்டுல ஒண்ணு போடவா?" என்றதும்தான் வந்தான். டிரம்ஸ் வெறியன் அவன். பிறகு ஒரு கொடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். மகுடத்தை நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சிச் சுருதி ஏற்றுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். விடியும் வரை நகரவில்லை. ரசனை ஒருவனுடைய காதைத் திறந்துவிட வேண்டும். மற்றதையெல்லாம் மூடிவிட்டால் அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு அது திறந்துவிட்டது. அயர்ன் மெய்டனுக்கு 1984-ல் வந்த ஒரு பாட்டு உண்டு, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதி 1798-ல் வெளியான, பறவையைக் கொன்ற மாலுமியின் கவிதைதான் அந்தப் பாட்டின் கதை. கல்லூரியில் ஆங்கில இலக்கிய வகுப்பில் அந்தக் கவிதையை எடுத்தபோது எனக்குக் கதையே தெரியும், சில வரிகள் மனப்பாடம். கடைசி பெஞ்சில் இருந்த நான் எழுந்து சொன்னதும் பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உளவியல்காரர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பிரபலங்கள் மேல் ஒருவருக்கு எவ்வளவு ஈடுபாடு என்று கேள்விகள் கேட்டு அளப்பார்கள். 2002-ல் வந்தது. மூன்று படி. முதல் படி, நண்பர்களோடு அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பது, பொழுதுபோக்கு. இரண்டாவது, அவர் நினைப்பு தானாக வந்துகொண்டே இருப்பது, எனக்கும் அவருக்கும் தனி உறவு என்று தோன்றுவது. மூன்றாவதுதான் வில்லங்கம். அவர் வாய் துடைத்துப் போட்ட காகிதத்தைப் பெரிய பணம் கொடுத்து வாங்குவேன், அவர் சொன்னால் சட்டவிரோதமான காரியமும் செய்வேன் என்கிற நிலை. பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுவார்கள். பதினேழு வயதில் இரண்டாவது படியில் ஒரு காலை வைத்துப் பார்ப்பதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். அந்த வயதில் யார்தான் வைக்கவில்லை? மூன்றாவது படி மட்டும் விளையாட்டில்லை. 1980 டிசம்பர் 8-ல் பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன், அன்று பகலில் அவரிடமே ஆட்டோகிராஃப் வாங்கியவன்.

அந்தத் "தனி உறவு" நினைப்புக்கு மெட்டாலிகாவிடமே நல்ல மருந்து இருக்கிறது. 2000-ல் நாப்ஸ்டர் என்கிற பாட்டுப் பகிரும் இணையச் சேவையில் தங்கள் பாட்டை இலவசமாகப் பகிர்ந்தவர்கள் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைத் திரட்டி, அவர்களைத் தடைசெய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தனை பேரும் அவர்கள் பாட்டைத் தேடிப்போன ஆட்கள்தானே! சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அது வேறு கதை. அடுத்த ஆண்டு அவர்களுடைய பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீள மறுவாழ்வு மையம் போனார். குழுவுக்குள் சண்டை முற்றி, ஒரு மனநல ஆலோசகரைச் சம்பளம் கொடுத்துக் கூடவே வைத்துக்கொண்டார்கள். 2004-ல் அதை ஆவணப்படமாகவும் வெளியிட்டார்கள். உங்கள் தம்பிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். "இவங்களும் மனுஷங்கதான், சண்டை போட்டாங்க, டாக்டர்கிட்ட போனாங்க" என்று அவன் வாயாலேயே வந்தால் நல்லது. பாதிப் பயம் உங்களுக்குப் போய்விடும்.

காது விஷயத்தில் மட்டும் நான் உங்கள் அம்மா கட்சி. மைக் செட் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். அப்பாவுக்குக் கடைசி காலத்தில் டிவி சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி வைத்தால்தான் கேட்கும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரைதான் காது தாங்கும் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஏசி/டிசி என்கிற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் கச்சேரிப் பயணத்தையே பாதியில் நிறுத்தினார். தொடர்ந்தால் காது முழுக்கப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். போன காது திரும்பாது. இயர்போனில் ஒலி அளவை எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இதைக் கெஞ்ச வேண்டாம், அக்காவாகக் கண்டித்தே சொல்லுங்கள்.

எப்போது உண்மையாகவே கவலைப்பட வேண்டும்? தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் சரிந்தால், பழைய நண்பர்களை எல்லாம் விட்டுவிட்டால், செத்துப்போவதைப் பற்றிப் பேசினால். அப்போது சுவரில் இருக்கிற படத்தைக் கிழிப்பதில் அர்த்தமில்லை. பாட்டு அவன் ஒளிந்துகொள்கிற இடமாக இருக்கலாம், உள்ளே வேறு ஏதோ இருக்கும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் போகலாம். 14416-க்கு ஃபோன் போட்டால் அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

அப்படி எதுவும் இல்லையென்றால் அவனுக்கு ஒரு கிடார் ஏற்பாடு செய்யப் பாருங்கள். பாளையில் எனக்குத் தெரிந்த கிடார்காரர்கள் பலரும் சர்ச் பாடகர் குழுவில் விரலைப் பழக்கியவர்கள்தான். கற்றுக்கொடுக்கிற அண்ணன்மார் அங்கே கிடைப்பார்கள், அம்மாவுக்கும் மனசு ஆறும். தம்பிக்கு இரண்டு மூன்று சிநேகிதம் அமையும். டிரம்ஸ் வாசிக்க ஒருவன், பாட ஒருவன் என்று ஒரு சின்ன செட் சேர்ந்துவிட்டால் ஃபோன் தானாகக் கீழே போகும்.

என்றைக்காவது பெங்களூரில் கச்சேரி, போகணும் என்று நிற்பான். தயாராக இருங்கள். மெட்டாலிகா 2011 அக்டோபர் 30-ல் அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். இரண்டு நாள் முன்பு டெல்லி பக்கம் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி பாதுகாப்புக் காரணத்தால் ரத்தாகி, கூட்டம் மேடையையே உடைத்தது. அதனால் அனுப்புங்கள், ஆனால் தனியாக அனுப்பாதீர்கள். விவரம் தெரிந்த ஒரு பெரியவர் கூடப் போகட்டும். நாகர்கோவிலிலிருந்து வருகிற பெங்களூரு ரயில் நம் ஜங்ஷனில் நிற்கும், திரும்புவதற்கும் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுங்கள். மேடைக்கு நேர் முன்னால் போய் நெருக்கடியில் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நின்றால் நன்றாகவே தெரியும். மருந்துக் கடையில் காதில் வைக்கிற பஞ்சு பிளக் கிடைக்கும், ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். வாங்கும்போது இரண்டு ஜோடியாக வாங்குங்கள், கூடப் போகிற பெரியவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.