மின் உற்பத்தியும் மீத்தேனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு நாட்டின் மின் உற்பத்தித் துறை வெளியிட்ட மீத்தேன் அளவை 1970-லிருந்து ஆண்டுவாரியாகக் காட்டும் அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் தயாராகிறது. ஆனாலும் எண்கள் மிகச் சிறியவை. சுரங்கங்களில் மீத்தேன் வெடித்து உயிர்கள் போகின்றனவே, அந்த மீத்தேன் எங்கே?

பதில்: அது வேறு பக்கத்தில் இருக்கிறது. ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) கணக்கு முறையில் 'மின் உற்பத்தி' என்ற தலைப்பில் வருவது எரிபொருள் எரியும்போது எரியாமல் தப்பிப் புகைபோக்கி வழியே போகும் மீத்தேன் மட்டுமே. சுரங்கத்தில் வெளியேறுவதும், எரிவாயுக் கிணறு, குழாய், கம்ப்ரசர் ஆகியவற்றில் கசிவதும் 'கசிவு உமிழ்வு' என்ற தனித் தலைப்பில் சேரும். நீர்மின் அணைத் தேக்கத்தில் அழுகும் தாவரங்களிலிருந்து வருவது எரிசக்திக் கணக்கிலேயே வராது, நிலப் பயன்பாட்டுக் கணக்கில் போய்விடும். தொழிற்சாலை தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் மின் நிலையம்கூட அந்தத் தொழிற்சாலையின் கணக்கில்தான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 50 சதவீதத் திறனுள்ள எரிவாயு நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 144 கிராம் எரிவாயு வேண்டும். வழியில் 2 சதவீதம் கசிந்தால் அது 2.9 கிராம். நிலையத்துக்குள் எரியாமல் தப்புவதோ, பொதுக் காரணியின்படி (இவ்வளவு வெப்பத்துக்கு இவ்வளவு மீத்தேன் என்று வழிகாட்டி தரும் எண்), 7 மில்லிகிராம். நானூறு மடங்கு! அட்டவணையில் இருப்பது இந்த 7 மில்லிகிராம்.

கேள்வி: நிலக்கரி நிலையத்துக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: எரித்த எரிபொருளின் வெப்ப அளவை உமிழ்வுக் காரணியால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டு ஐ.பி.சி.சி. வழிகாட்டியில் மின் நிலையங்களுக்கான பொதுக் காரணிகள்: நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு 1 கிலோ மீத்தேன், டீசல் மற்றும் உலை எண்ணெய்க்கு 3 கிலோ, விறகுக்கு 30 கிலோ.

500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று ஆண்டு முழுதும் சராசரி 80 சதவீதச் சுமையில் ஓடுகிறது என்று கொள்வோம். 500 × 8,760 × 0.8 = 35,04,000 மெகாவாட்-மணி. 3.6-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 12,614 டெராஜூல். இது வெளியே வந்த மின்சாரம். திறன் 36 சதவீதம் என்றால் உள்ளே போன நிலக்கரியின் வெப்பம் 35,040 டெராஜூல். ஆக மீத்தேன் 35,040 கிலோ, அதாவது 35 டன். அதே அலகு விடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 33 லட்சம் டன்!

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் காரணிகள் நிகரக் கலோரி மதிப்பின் மேல், அதாவது புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தைக் கழித்த மதிப்பின் மேல் அமைந்தவை. நிலக்கரி பில்லில் அதைக் கழிக்காத மொத்தக் கலோரி மதிப்புதான் போட்டிருந்தால், அதை அப்படியே எடுத்துப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் நிலக்கரிக்குச் சுமார் 5 சதவீதமும், எரிவாயுவுக்குச் சுமார் 10 சதவீதமும் கூடிவிடும்.

கேள்வி: எங்கள் நிலையம் பெரிய கேஸ் எஞ்சின்களில் ஓடுகிறது. எரிவாயு என்பதால் 1 கிலோ காரணியையே போடலாமா?

பதில்: கூடாது. அந்த 1 கிலோ கொதிகலனுக்குப் பொருந்துவது. கேஸ் டர்பைனுக்கே அதே வழிகாட்டி 4 கிலோ தருகிறது. குறை எரிபொருள் கலவையில் (காற்று மிகுந்த கலவையில்) ஓடும் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 597 கிலோ! அச்சுப் பிழை அல்ல.

காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டன் தலைக்கும் முதல் ரிங்குக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. அமுக்கத்தின்போது கலவை அதற்குள் நெருக்கப்படுகிறது. சுடர் அங்கே நுழையாது. பிஸ்டன் இறங்கி அழுத்தம் குறைந்ததும் எரியாத வாயு வெளியே வந்து புகையோடு போய்விடுகிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரை ஒட்டிய படலத்திலும் சுடர் அணைந்துபோகும். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் கொஞ்சம் கலவை நேராகவே வெளியேறும். சுமை குறைந்தால் கலவை மேலும் நீர்த்து, பற்றாமலே போகும் சுற்றுகள் கூடும். நிலக்கரி உலையில் இந்த இடுக்குகள் எதுவும் இல்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் வெப்பம், மிகைக் காற்று, எரிந்து முடிய நேரம், மூன்றும் உண்டு.

100 மெகாவாட் எஞ்சின் நிலையம் 60 சதவீதச் சுமையில், 45 சதவீதத் திறனில் ஓடினால் எரிவாயு 4,205 டெராஜூல், மீத்தேன் 2,510 டன். ஐந்து மடங்கு பெரிய அந்த நிலக்கரி அலகின் 35 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது எஞ்சின்களில் இந்த அளவு குறைவு. தயாரிப்பாளரின் சோதனை அறிக்கை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் முழுச் சுமையில் எடுத்த எண்ணை அரைச் சுமையில் ஓடும் எஞ்சினுக்குப் போடாதீர்கள். வினையூக்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடை எளிதாக எரிக்கும் வினையூக்கி மீத்தேனிடம் திணறும். அதன் பிணைப்பு அவ்வளவு உறுதி. பல்லேடியம் வினையூக்கிக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், கந்தகம் பட்டால் அதுவும் செயலிழக்கும்.

கேள்வி: ஒரே நாடு, ஒரே ஆண்டு. இரண்டு அட்டவணைகளில் எண் மூன்றில் ஒரு பங்கு வேறுபடுகிறது. எது தவறு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக்கப் பெருக்கும் எண் ஐ.பி.சி.சி.யின் இரண்டாம் அறிக்கையில் 21, நான்காவதில் 25, ஐந்தாவதில் 28. 21-லிருந்து 28-க்குப் போனாலே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முடிந்தவரை மீத்தேன் டன்னாகவே எடுத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: மின் உற்பத்தி சீராகக் கூடுகிறது. மீத்தேன் கோடு மட்டும் ஓரிடத்தில் திடீரென்று எகிறுகிறது. ஏன்?

பதில்: முதலில் உயிரி எரிபொருளைப் பாருங்கள். மொத்த வெப்பத்தில் 2 சதவீதம் மரத்துகள், மீதி நிலக்கரி என்றால், 2 × 30 = 60, 98 × 1 = 98. வெறும் 2 சதவீத எரிபொருள் மீத்தேனில் 38 சதவீதத்தைத் தருகிறது. மரத்தின் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தி மொத்தத்தில் சேராது. மீத்தேன் சேரும். நிலக்கரியை விட்டு மரத்துக்கு மாறும் நாட்டில் ஒன்று இறங்க மற்றது ஏறுவது இதனால்தான். மரம் இல்லையென்றால், தொழிற்சாலை நிலையங்களைப் பொது மின் துறையில் சேர்த்த ஆண்டா என்று பாருங்கள்.

கேள்வி: காரணியை விட்டுவிட்டு நேரடியாகப் புகைபோக்கியிலேயே அளக்கலாமே?

பதில்: எஞ்சினில் கட்டாயம் அளக்கலாம், பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல்கூடக் காட்டும். நிலக்கரி நிலையத்தில் சிரமம். 1 கிலோ காரணியைப் புகையின் கன அளவால் வகுத்தால் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்குதான் வரும். உலைக்குள் நுழையும் வெளிக்காற்றிலேயே 1.9 பங்கு மீத்தேன் இருக்கிறது. மொத்த ஹைட்ரோகார்பன் காட்டும் கருவி போதாது, மீத்தேனைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் வேண்டும். பொதுக் காரணிக்கு வழிகாட்டியே 50 முதல் 150 சதவீதம் வரை பிழை வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை.