கழுவிய தாழி ஓடும் காலம் சொல்லும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் தென்னந்தோப்பில் குழி எடுத்தபோது முதுமக்கள் தாழி ஒன்று உடைந்தது. கரியோ எலும்போ இல்லை. ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டோம். ஒளிர்வு முறையில் இனி வயது அறிய முடியுமா?

பதில்: முடியும். கரி தேவைப்படுவது கார்பன் முறைக்குத்தான். இங்கே சாட்சி, களிமண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத் துகள்கள். ஓட்டிலும் சுற்றுமண்ணிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு அவற்றில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்திக்கொண்டே போகிறது. சூளையில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியபோது பழைய சேமிப்பு அழிந்து, கணக்கு புதிதாகத் தொடங்கியது. ஆய்வகத்தில் மீண்டும் சூடாக்கினால் அந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளி தருகின்றன. சூளைக்குப் பின் சேர்ந்த கதிர்வீச்சு எவ்வளவு என்பதை அந்த ஒளியின் அளவு காட்டும். வெயில் ஓட்டின் மேற்பரப்பைத்தான் பாதிக்கும். அதில் சுமார் 2 மில்லிமீட்டரை ஆய்வாளர்கள் எப்படியும் சிவப்பு விளக்கொளியில் சுரண்டி நீக்கிவிடுவார்கள். தாழி ஓடு தடிமனாக இருப்பது நல்லதாயிற்று.

என் கவலையெல்லாம் மண்ணைப் பற்றியது. ஓட்டில் சேர்ந்த கதிர்வீச்சு 7.5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் சேர்ந்திருந்தால் வயது 2,500 ஆண்டுகள். 4 கிரே என்றால் 1,875தான். அந்த வீதத்தில் ஒரு பங்கைச் சொல்ல வேண்டியது தாழி புதைந்திருந்த அதே மண். சவரா, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமத்தின் வழியே தோரியம் மிகுந்திருப்பதால் அங்கே வீதம் பன்மடங்கு உயரும். வேறோர் ஊர்க் கணக்கை உங்கள் தோப்புக்குக் கடன் வாங்கவே கூடாது. ஈரமும் கதிர்வீச்சை உறிஞ்சும். தோப்புக்கு வாய்க்கால் பாசனம் உண்டென்றால், எந்த ஆண்டு முதல் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

புதைவதற்கு முன் வெயில் பட்ட மண்துகளுக்கும் ஒளியைப் பாய்ச்சி வயது காணலாம். சென்னைக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலத் தொடக்கம் சுமார் 3,85,000 ஆண்டுகள் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது இந்த வழியில்தான். அந்த மண்ணுக்கு மட்டும் வெளிச்சம் ஆகாது. அதனால் ஒளி புகாத குழாயை வல்லுநர்தான் குழிச்சுவரில் இறக்கி, இருபுறமும் அடைத்து எடுக்க வேண்டும். அதுவரை குழியைத் தார்ப்பாயால் மூடுங்கள். மேற்கொண்டு தோண்டாமல், கேரளத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம் போன்ற இடங்களை ஆய்வாளர் வழியாக அணுகுவதே நல்லது.

விடையில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை பிழை எல்லை இருக்கும். எந்த அரசன் காலம் என்று அது சொல்லாது. இரும்புக் காலமா, இடைக்காலமா என்பதைத் தெளிவாகப் பிரித்துவிடும்.

ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள ஓடுகள் சிலவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அடுப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் படாமல் வையுங்கள். அவை கிடந்த இடத்து மண்ணில் இரண்டு கைப்பிடியைத் தனிப் பையில், ஈரம் போகாமல் இறுக்கிக் கட்டுங்கள்.