பின்சீட்டிலிருந்து ஒரு டெஸ்ட் டிரைவ்: கேள்வி பதில்

வேகமான சொகுசு எஸ்யூவிகளை ஓட்டிப் பார்த்து வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டெஸ்ட் டிரைவுக்கு அரை மணி நேரம்தான் தருகிறார்கள் சார். 600 குதிரைத்திறன் வண்டியில் முதலில் எதைப் பார்ப்பது?

குதிரைத்திறனை மறந்துவிடுங்கள். அது எங்கேயும் ஓடிவிடாது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஸ்டீயரிங்கைக் கூட வந்தவரிடம் கொடுத்துப் பின்சீட்டுக்குப் போங்கள். மேடுபள்ளமான சாலையில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இடப்பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது உங்கள் தலை ஜன்னல் பக்கம் வெடுக்கென்று போகிறதா?

உயரமான வண்டி வளைவில் சாயாமலிருக்கத் தடிமனான ஆன்டி-ரோல் பார் போட்டிருப்பார்கள். இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி அது. ஒரு சக்கரம் இறங்கினால் மற்றதையும் சேர்த்து இழுக்கும். அந்த ஆட்டம்தான் கழுத்துக்கு வருகிறது. பென்ட்லி பென்டைகா, ஆடி எஸ்க்யூ7 போன்றவற்றில் இதற்காகவே கம்பியின் நடுவில் 48 வோல்ட் மோட்டார் வைத்தார்கள். நேர்சாலையில் தளர்ந்துகொள்ளும், வளைவில் இறுகும். இது பல வண்டிகளில் கூடுதல் வசதி. ஓட்டிப் பார்த்த வண்டியில் இருந்தது, புக் செய்த வண்டியிலும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 21 அங்குல வீலா, 23 அங்குலமா? 23 பார்க்க அம்சமாக இருக்கிறது.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 285/45 ஆர்21 டயரின் பக்கச்சுவர், 285 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம், அதாவது சுமார் 128 மில்லிமீட்டர். 285/35 ஆர்23 என்றால் 100. டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பள்ளத்தைத் தாங்கும் ரப்பர்தான் குறைகிறது. நான் 21 தான் போடுவேன்.

கேள்வி: இரும்பு டிஸ்க்குக்குப் பதில் வரும் செராமிக் பிரேக் அவசியமா?

கணக்கைப் பார்ப்போம். 2,200 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, சுமார் 8.5 லட்சம் ஜூல் ஆற்றலை உதற வேண்டும். அதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில்தான் சூடாக இறங்கும். ஐந்து பேரும் சாமான்களும் சேர்ந்து 400 கிலோ ஏறினால் 10 லட்சம். வேகம் 140 ஆனால் ஏறக்குறைய இரட்டிப்பு. இதையே சுற்றுச் சுற்றாகத் திரும்பத் திரும்பச் செய்யும் ரேஸ் டிராக்கில் செராமிக் காசுக்குத் தகும். குடும்ப ஓட்டத்துக்கு நல்ல இரும்பு டிஸ்க் போதும். அப்புறம், எந்த பிரேக் ஆனாலும் பார்க்கிங் வேகத்தில் அழுத்திப் பாருங்கள். வெடுக்கென்று கடித்தால் பின்சீட்டில் தூங்கும் பிள்ளை தினமும் விழித்துக்கொள்ளும்.

கேள்வி: ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் எடுத்த சாதனை நேரத்தை நம்பி வாங்கலாமா?

நேரம் உண்மைதான். 2021-ல் போர்ஷே கயென் டர்போ ஜிடி, 20.8 கி.மீ. சுற்றை 7 நிமிடம் 38.9 விநாடியில் முடித்தது. 2024-ல் ஆடி ஆர்எஸ் க்யூ8 பெர்ஃபார்மன்ஸ் அதைவிட இரண்டு விநாடி முந்தியது. ஆனால் அந்த கயெனில் நான்கு சீட்தான். ஐந்து பேர் குடும்பத்தில் யாரை இறக்கிவிடுவது?

கேள்வி: 0-100 கி.மீ. வேகத்துக்குப் பத்திரிகைகள் போடும் நேரத்தைவிட எங்கள் ஸ்டாப்வாட்சில் அரை விநாடி அதிகமாக வருகிறது. ஏமாற்றா?

இல்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் முதல் ஓரடி நகர்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதிலேயே சுமார் 0.3 விநாடி போய்விடும். மிச்சம் சாலையும் டயர் சூடும். நீங்கள் 80-லிருந்து 120 அளந்து பாருங்கள், லாரியை முந்தும்போது அதுதான் வேண்டும்.

கேள்வி: குழந்தை சீட் உள்ளவர்களுக்கு ஏதாவது?

உங்கள் சொந்த சீட்டையே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். நான் ஓட்டிய ஒரு வண்டியில், குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையம் கெட்டியான தோல் உறைக்குள் புதைந்திருந்தது. விரலை விட்டுத் தேடியதில் நகம் பிய்ந்தது. சீட் மாட்ட பதினைந்து நிமிடம். அதே வண்டி நான்கு விநாடிக்குள் நூறைத் தொட்டது.